பதினோரு வருஷம் பேசாத தோழிக்காக அழலாமா?

கேள்வி:

மேடம், எனக்கு 44 வயசு. காலேஜ்ல மூணு வருஷம் ஹாஸ்டல்ல என்னோட ஒரே ரூம்ல இருந்தவ ஏழு மாசத்துக்கு முன்னாடி இறந்துட்டா. கேன்சர். ஒன்றரை வருஷமா ட்ரீட்மெண்ட்ல இருந்திருக்கா, எனக்குத் தெரியாது. காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல யாரோ போட்டதைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டேன், அதுவும் பத்து நாள் கழிச்சு. எங்களுக்குள்ள சண்டை ஒண்ணும் இல்ல. கல்யாணம், குழந்தை, வேலை, வீடு மாத்துறதுன்னு பேச்சு அப்படியே நின்னு போச்சு, கடைசியா போன்ல பேசி பதினோரு வருஷம் ஆச்சு. இறக்குறதுக்கு நாலு மாசம் முன்னாடி எங்க ஹாஸ்டல் ரூம் போட்டோ ஒண்ணை அனுப்பி "இது ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டிருந்தா. அவ எடுத்த போட்டோ, நான் மட்டும்தான் அதுல இருக்கேன். அன்னிக்கு ஆபீஸ்ல ஆடிட். பார்த்தேன், ராத்திரி நிதானமா பதில் போடலாம்னு வெச்சேன், மறந்தே போச்சு. ரெண்டு நீல டிக்கோட அது அப்படியே நிக்குது. இப்ப ராத்திரியானா அந்த நம்பருக்கு நான் மெசேஜ் அனுப்பிட்டு இருக்கேன், ஒத்த டிக் மட்டும் விழும். வீட்டுக்காரர் "பதினோரு வருஷமா பேசாதவளுக்கு இப்ப என்ன இவ்வளவு அழுகை, அதையே நினைக்காம இரு"ங்கறார். அவர் சொல்றதும் சரிதானோன்னு தோணுது. அவளுக்கு எட்டாவது படிக்கிற பொண்ணு இருக்கு, அம்மா இருக்காங்க, லீவுக்கு எத்தனையோ தடவை அந்த அம்மா வீட்ல போய்த் தங்கியிருக்கேன். அவங்களுக்கு இப்ப எழுதலாமா, ரொம்ப லேட்டா? எழுத எனக்கு என்ன தகுதி இருக்கு? அவ முகம் ஞாபகம் இருக்கு, குரல் மறந்து போச்சு மேடம், அதுதான் தாங்கல. துக்கத்துக்கு அஞ்சு ஸ்டேஜ்னு நெட்ல படிச்சேன், நான் எதுல மாட்டிக்கிட்டு இருக்கேன்?

பேர் வேண்டாம்

பதில்:

உங்க லெட்டர் ஆறு பக்கம், இங்க இடத்துக்காக சுருக்கித்தான் போட்டிருக்கேன். ஆனா வெட்டினதுல ஒரு பாராவை மட்டும் திரும்பக் கொண்டு வரேன், ஏன்னா நான் சொல்ல வர்றதெல்லாம் அதுலதான் இருக்கு. காலைல தலை பின்னும்போது உங்க தோழி ரெண்டு ஹேர்பின்னைப் பல்லுல கடிச்சுக்கிட்டே பேசுவாங்க, பாதி வார்த்தை புரியாது, "என்னடி சொல்ற"ன்னு நீங்க கேட்டா பின்னை எடுக்காமலே அதையே இன்னும் சத்தமா சொல்வாங்க, ஏதாவது முக்கியமான விஷயம்னா மட்டும்தான் பின்னை எடுத்து கைல வெச்சுக்கிட்டு சொல்வாங்க, அதனால அவங்க கை வாய்கிட்ட போனாலே உங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கும்னு எழுதியிருந்தீங்க. நான் அவங்களை ஒரு தடவைகூட பார்த்தது இல்ல, ஆனா அந்த பாராவைப் படிச்சதும் ஒரு ஆளு என் எதிர்ல வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசில இங்கதான் திரும்பி வரப்போறோம்.

முதல்ல தகுதி. பத்து நாள் லீவு எடுக்கலாமா, யார் முன்னாடி நிக்கணும், யார் பின்னாடி நிக்கணும்னு சாவுல எல்லாத்துக்கும் ஒரு வரிசை இருக்கு, அந்த வரிசைல பழைய ஃப்ரெண்டுக்கு இடமே கிடையாது. அம்மா அழலாம், புருஷன் அழலாம், கூடப் பொறந்தவங்க அழலாம், ஹாஸ்டல் ரூம்மேட் அழுதா "யாரு இவங்க"ன்னு பார்ப்பாங்க. இந்த மாதிரி சுத்தி இருக்கிறவங்க ஒத்துக்காத துக்கத்துக்கு கென்னத் டோக்கான்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1989லயே தனியா ஒரு பேர் வெச்சு எழுதினார். அந்தத் துக்கத்தைப் பத்தி சொல்றதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, அடுத்தவங்க ஒத்துக்காததோட நிக்காது, கொஞ்ச நாள்ல அழுறவங்களே "எனக்கு என்ன உரிமை"ன்னு தன்னையே கேட்க ஆரம்பிச்சிடுவாங்க. உங்க லெட்டர்ல தகுதிங்கற வார்த்தை நாலு இடத்துல வருது, எண்ணிப் பார்த்தேன்.

ஃப்ரெண்டு சாவுதானேன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். ஆஸ்திரேலியாவுல 26,515 பேரோட பல வருஷத் தகவலை வெச்சு ஒரு ஆய்வு 2019ல வந்துச்சு, நெருங்கின ஃப்ரெண்டை இழந்தவங்களுக்கு உடம்பு, மனசு, வெளிய போய் நாலு பேரோட பழகறதுன்னு எல்லாத்துலயும் அடி விழுது, அது நாலு வருஷம் வரைக்கும்கூட தெரியுதுன்னு கண்டுபிடிச்சாங்க. உங்களுக்கு இப்பதான் ஏழு மாசம். "நாங்க நெருக்கமா இல்லையே, பதினோரு வருஷம் பேசலையே"ன்னு நீங்க உடனே கேட்பீங்க. சண்டை போட்டு முறிஞ்ச நட்பு வேற, பேச்சு நின்னுபோன நட்பு வேற. ரெண்டாவதுல கதவு சாத்தினது யாரும் இல்ல, என்னிக்கு வேணா போய் தட்டலாம்னு ரெண்டு பேருக்கும் ஒரு தைரியம் இருக்கும், அந்த தைரியத்துலதான் வருஷக்கணக்கா தட்டாமலே இருப்போம். இப்ப போனது அந்த "என்னிக்கு வேணா". இன்னொண்ணும் சேர்ந்து போயிருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். 19 வயசுல நீங்க எப்படி இருந்தீங்கன்னு நேர்ல பார்த்த சாட்சி அவங்கதான். உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சது 26 வயசுக்கு அப்புறம் வந்த நீங்க, பசங்களுக்குத் தெரிஞ்சது அம்மா. பரீட்சைக்கு முந்தின ராத்திரி பயத்துல கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்கிட்ட பொண்ணை, அதுவும் நீங்க எழுதினதுதான், பார்த்த ஒரே ஆள் போயாச்சு. அழுகைல கொஞ்சம் அந்தப் பொண்ணுக்காகவும் இருக்கும். அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

வயசானவங்ககிட்ட பழைய ஞாபகம் ஏதாவது சொல்லுங்கன்னா பெரும்பாலும் 10லேருந்து 30 வயசுக்குள்ள நடந்ததைத்தான் சொல்வாங்க, நினைவு பத்தி ஆராய்ச்சி பண்றவங்க திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது. முதல் தடவை வீட்டை விட்டு வந்தது, முதல் சம்பளம்னு முதல் முதலா நடக்குறதெல்லாம் அங்கதான் குவிஞ்சு கிடக்கு. அதனால மூணு வருஷ ஹாஸ்டல் வாழ்க்கை, அதுக்கப்புறம் வந்த இருபது வருஷத்தைவிட பெருசா தெரியறதுல ஆச்சரியம் இல்ல. உங்களுக்கு ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்க வேண்டாம்.

இப்ப அந்த மெசேஜ். இதைத்தான் நீங்க உண்மைல கேட்க வந்தீங்க, மத்ததெல்லாம் இதைச் சுத்தி வந்த கேள்வி.

"உங்க மேல தப்பே இல்ல"ன்னு நான் சொல்லப் போறது இல்ல. சொன்னா நீங்க நம்பவும் மாட்டீங்க, இவங்களுக்கும் புரியலன்னு பத்திரிகையை மூடி வெச்சுடுவீங்க. ஒரு பழைய தோழி ஆசையா ஒரு போட்டோ அனுப்பினா, நீங்க பதில் போடல, அது ஒரு சின்ன தப்பு. என் போன்லயும் இப்ப அந்த மாதிரி பதில் போடாதது அஞ்சாறு கிடக்கு, இதைப் படிக்கிறவங்க போன்லயும் கிடக்கும். அதெல்லாம் சின்ன தப்பாவே இருக்கு, ஏன்னா அனுப்பினவங்க உயிரோட இருக்காங்க. உங்களோடதும் அன்னிக்கு அதே சைஸ்தான். தப்பு சின்னது, அது மேல வந்து உட்கார்ந்த சாவு பெருசு. இப்ப ரெண்டையும் சேர்த்து ஒரே எடையா தூக்கிட்டு நடக்குறீங்க.

பரூக் ஃபிஷ்ஹாஃப்னு ஒருத்தர் 1975ல ஒரு சோதனை பண்ணினார். பழைய பிரிட்டிஷ்-கூர்க்கா போர் பத்தி படிக்கக் கொடுத்து, சில பேருக்கு மட்டும் முடிவு இதுதான்னு சொல்லிட்டு, இது நடக்க எவ்வளவு வாய்ப்பு இருந்துச்சுன்னு கேட்டார். முடிவு தெரிஞ்சவங்க எல்லாம் "அதுதான் நடக்கும்னு தெளிவா இருந்துச்சே"ங்கற மாதிரி பதில் சொன்னாங்க, முடிவு தெரிஞ்சதாலதான் அப்படித் தோணுதுங்கறதே அவங்களுக்கு உறைக்கல. நீங்களும் இப்ப அந்த போட்டோவை முடிவு தெரிஞ்ச கண்ணோட பார்க்குறீங்க. அதுல இப்ப மருந்து வாசனை வருது. ஆடிட் அன்னிக்கு மத்தியானம் அதுல அது கிடையாது, ஒரு பழைய ரூம், ரெண்டு கட்டில், ஒரு கேள்வி, அவ்வளவுதான். "சாகப்போறோம்னு தெரிஞ்சு என்கிட்ட கடைசியா பேச நினைச்சிருக்கா, நான் முகத்துல அடிச்ச மாதிரி விட்டுட்டேன்"னு எழுதியிருக்கீங்களே, அவங்க மனசுல அன்னிக்கு என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, குற்ற உணர்ச்சி மட்டும்தான் தனக்கு எல்லாம் தெரியும்னு பேசும். தெரிஞ்சதை மட்டும் வெச்சு ஒண்ணு சொல்லலாம். ஒன்றரை வருஷ ட்ரீட்மெண்டுக்கு நடுவுல அவங்க உங்ககிட்ட ரிப்போர்ட் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நோயாளியா உங்க முன்னாடி வராம, ரூம்மேட்டா வந்து அந்த ரூமைக் காட்டினாங்க. அப்படி ஒரு நாள்ல, கைல போன் எடுத்து, ஆல்பத்துலேருந்து தேடி எடுத்து அனுப்ப வேற எத்தனையோ பேர் இருந்தும் உங்களுக்கு அனுப்பியிருக்காங்க. பதில் வரலன்னு ஒருநாள் வருத்தப்பட்டிருக்கலாம், "இவ இன்னும் மாறவே இல்ல, அப்பவும் எல்லாத்துக்கும் லேட்டுதான்"னு சிரிச்சிருக்கவும் செய்யலாம். ரெண்டுல ஒண்ணை மட்டும் ராத்திரி பூரா நீங்க படம் ஓட்டிட்டு இருக்கீங்க.

வீட்டுக்காரர் பத்தி. அவரை வில்லனாக்காதீங்க. அவருக்கு உங்க தோழியைத் தெரியாது, அவர் பார்க்குறது ராத்திரி ரெண்டு மணிக்கு போனைப் பிடிச்சுக்கிட்டு அழுற பொண்டாட்டியைத்தான், பயந்து போய் நினைக்காதேங்கறார். ஆனா அந்த வைத்தியம் பலிக்காது. டேனியல் வெக்னர்னு ஒருத்தர் 1987ல செஞ்ச சோதனை இருக்கு, அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீங்க, நினைப்பு வந்தா மணி அடிங்கன்னு சொன்னாங்க, மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதோட விடல, அப்புறம் இப்ப தாராளமா நினைக்கலாம்னு விட்டதும், முதல்லேயே நினைக்கச் சொன்னவங்களைவிட இவங்களுக்குத்தான் கரடி அதிகமா வந்துச்சு. அதனால அவர்கிட்ட அழுறதுக்கு விளக்கம் கொடுக்காதீங்க, ஹேர்பின் கதையைச் சொல்லுங்க. ஆள் யாருன்னு தெரிஞ்சா அழுகை எதுக்குன்னு அவரே புரிஞ்சுப்பார். பெரும்பாலும்.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுன்னு சொல்ற அந்த அஞ்சு ஸ்டேஜ் விஷயத்தை சுருக்கமா முடிச்சுடறேன். அது எலிசபெத் கூப்ளர்-ராஸ்னு ஒரு டாக்டர் 1969ல எழுதினது, சாகப்போற நோயாளிங்ககிட்ட பேசிப் பேசி எழுதினது, இறந்தவங்களுக்குப் பின்னால இருக்கிறவங்களுக்காக அந்த ஸ்டேஜை அப்ப அவங்க எழுதல. படிக்கட்டு மாதிரி ஒண்ணொண்ணா ஏறி மேல போய் முடிஞ்சுதுன்னு யாருக்கும் நடக்குறது இல்ல. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட்னு ரெண்டு பேர் 1999ல சொன்னதுதான் ஆலோசனைக்காக என் ரூமுக்கு வர்றவங்ககிட்ட நான் பார்க்குறதோட ஒத்துப்போகுது. துக்கம் ஊஞ்சல் மாதிரி, காலைல பையனுக்கு யூனிஃபார்ம் தேச்சுக் கொடுத்துட்டு பஸ்ஸுக்கு ஓடும்போது ஒரு பக்கம், ராத்திரி போன் கைக்கு வந்ததும் இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் போய்ட்டு வர்ற வரைக்கும் நல்லதுதான். ஆபீஸ்ல யாரோ சொன்ன ஜோக்குக்கு சிரிச்சுட்டு பாத்ரூம்ல போய் உங்களையே திட்டிக்கிட்டதா எழுதியிருந்தீங்க, திட்டாதீங்க, அது ஊஞ்சல் அந்தப் பக்கம் போன நேரம்.

ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் கறாரா பேசறேன். அந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்புறதை நிறுத்திடுங்க. பேசுறது தப்புன்னு சொல்லல, இடம் தப்பு. ஒத்த டிக்னா அது எந்த போனுக்கும் போய்ச் சேரல. போய்ச் சேராத மெசேஜை வாட்ஸ்அப் முப்பது நாள் வெச்சிருந்து அழிச்சுடும், கணக்கையே தொடர்ந்து 120 நாள் உபயோகிக்கலன்னா பொதுவா மூடிடுவாங்க, அப்புறம் கம்பெனிக்காரங்க அந்த நம்பரை வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க. ஒருநாள் திடீர்னு ரெண்டு டிக் விழும், வேற யாரோட முகமோ டிபில இருக்கும், "யார் நீங்க"ன்னு பதில் வரும். என்கிட்ட வந்த ஒருத்தருக்கு இது நடந்திருக்கு, அன்னிக்கு அவர் உடைஞ்ச மாதிரி சாவு செய்தி கேட்ட அன்னிக்குகூட உடையல. இன்னொரு வாய்ப்பு, வீட்ல யாராவது அந்த சிம்மைத் திரும்பப் போட்டு, எட்டாவது படிக்கிற பொண்ணு கைல நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்பினது கிடைச்சா? அதை யோசிங்க. பழைய சாட்டை மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல போட்டு வெச்சுக்கோங்க, போட்டோவையும் சேர்த்து, போன் மாத்தும்போது தொலைஞ்சு போறது இதெல்லாம்தான்.

அவங்ககிட்ட பேச வேண்டியதை நோட்டுல எழுதுங்க. ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1986ல காலேஜ் பசங்களை வெச்சு பண்ணினது, மனசுல கிடக்குற கனமான விஷயத்தை தினம் 15 நிமிஷம், தொடர்ந்து நாலு நாள் எழுத வெச்சார். எழுதின உடனே மனசு இன்னும் கனமாத்தான் ஆச்சு, ஆனா அடுத்த சில மாசத்துல அவங்க டாக்டரைப் பார்க்கப் போனது குறைஞ்சுது. எல்லாருக்கும் இது வேலை செய்யும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா உங்களுக்கு எழுத்து கைல இருக்கு, ஆறு பக்கம் பார்த்தேனே. இறந்தவங்ககிட்ட பேசறதே பைத்தியக்காரத்தனமோன்னு பயப்படுறீங்க. மனசை ஆராய்ஞ்ச டாக்டர் ஃப்ராய்டை எடுத்துக்கோங்க, 1917ல எழுதும்போது இறந்தவங்க மேல வெச்ச பிடிப்பை மனசு கொஞ்சம் கொஞ்சமா கழட்டி எடுக்கணும், அதுதான் துக்கத்தோட வேலைங்கற மாதிரி எழுதினார். 1920ல அவர் பொண்ணு சோஃபி காய்ச்சல்ல போய்ட்டா. 1929ல, அவ இருந்திருந்தா 36 முடியற அன்னிக்கு, மகனைப் பறிகொடுத்த ஒரு நண்பருக்கு லெட்டர் எழுதறார், போனவங்களுக்கு மாத்து கிடைக்காது, அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறதான், அது அப்படித்தான் இருக்கணும்ங்கற அர்த்தத்துல. கழட்டணும்னு எழுதினவராலயே கழட்ட முடியல. இப்ப எங்க தொழில்லயும் யாரும் கழட்டச் சொல்றது இல்ல, உறவு வேற உருவத்துல தொடரும்னுதான் சொல்றோம்.

குரல். நீங்க மறக்கல. தானா கூப்பிட்டா வரமாட்டேங்குது, அது வேற. நினைச்சு எடுக்குறதும் கேட்டதும் அடையாளம் தெரியறதும் மூளைக்கு ரெண்டு தனித்தனி வேலை, முதல்லது சீக்கிரம் கைவிடும், ரெண்டாவது ரொம்ப நாள் நிக்கும். குரூப்ல யாராவது கல்சுரல்ஸ் வீடியோ, கல்யாண கேசட்னு வெச்சிருப்பாங்க, கேட்டுப் பாருங்க, அரை செகண்ட் போதும், இவதான்னு உடம்பே சொல்லிடும். கிடைக்கலன்னாலும் அவங்க என்ன வார்த்தை அடிக்கடி சொல்வாங்க, எங்க இழுப்பாங்க, எப்ப வேகம் கூடும்னு உங்களுக்குத் தெரியும், பின்னைக் கடிச்சுக்கிட்டே பேசினது எப்படி இருக்கும்னு தெரியும், குரல்ல பாதி அதுதான்.

இப்ப நீங்க கேட்ட முக்கியமான கேள்வி, அவங்க வீட்டுக்கு எழுதலாமா. எழுதுங்க. லேட் இல்ல. முதல் ரெண்டு வாரம் வீடு நிறைய ஆளு, போன் ஓயாது, யார் வந்தாங்க என்ன சொன்னாங்கன்னு அந்த அம்மாவுக்கு ஒண்ணும் பதிஞ்சிருக்காது. ஏழாவது மாசம்தான் யாரும் பேரைக்கூட எடுக்காத மாசம், ஞாபகப்படுத்தினா வருத்தப்படுவாங்கன்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருப்பாங்க, என்னமோ அந்த அம்மா மறந்துட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி.

என் கதையைச் சொல்லிடறேன். எனக்கும் ஒருத்தி இருந்தா, 31 வயசுல ஒரு ஆக்சிடெண்ட்ல போய்ட்டா. நான் அப்பவே இந்தத் தொழில்ல இருந்தேன், அடுத்தவங்களுக்கு வக்கணையா சொல்வேன், அவ அம்மாவுக்கு ஒரு வரி எழுத எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. கடைசில எழுதினது ஒரு பக்கம்தான். அவ குளிக்கும்போது பாத்ரூம்ல விசிலடிப்பா, முழு பாட்டையும் சரணம் வரைக்கும் பிசிறில்லாம அடிப்பா, வெளிய வரிசைல நிக்கிறவங்க எல்லாம் கதவைத் தட்டாம கேட்டுட்டு நிப்போம்னு எழுதினேன். நாலு நாள் கழிச்சு அந்த அம்மா போன் பண்ணினாங்க. ஹலோகூட சொல்லல. "அவ விசிலடிப்பாளா?"ன்னாங்க. வீட்ல விசிலடிச்சா அப்பா தோலை உரிச்சுடுவார், அதனால அம்மா ஒரு நாளும் கேட்டதே இல்ல. எந்தப் பாட்டு, எப்படி அடிப்பா, ரெண்டு விரல் வெச்சா சும்மாவான்னு முக்கால் மணி நேரம் கேட்டாங்க. பொண்ணு போய் ரெண்டு வருஷம் கழிச்சு அந்தம்மாவுக்கு பொண்ணைப் பத்தி புதுசா ஒண்ணு கிடைச்சுது. லேட்டா எழுதினதுக்கு மன்னிப்பு கேட்கணும்னு நான் ஒரு பாரா தயார் பண்ணி வெச்சிருந்தேன், அதுக்கு இடமே வரல.

உங்க தகுதி அதுதான். அவங்க வீட்டுக்காரருக்கு 27 வயசுக்கு அப்புறம் இருந்தவங்களைத் தெரியும், பொண்ணுக்கு அம்மாவைத் தெரியும், அதுவும் கடைசி ஒன்றரை வருஷம் படுக்கையும் மருந்துமா இருந்த அம்மா மத்ததை எல்லாம் மறைச்சுக்கிட்டு நிப்பாங்க. 19 வயசுல ஹாஸ்டல்ல இருந்தவங்க உங்ககிட்ட மட்டும்தான் இருக்காங்க, அவங்க அம்மாகிட்டகூட இல்ல.

எழுதும்போது சில விஷயம் பார்த்துக்கோங்க. கடைசி நாள் எப்படி இருந்துச்சு, வலி இருந்துச்சான்னு கேட்காதீங்க, அவங்களா சொன்னா கேளுங்க. "கடவுள் நல்லவங்களைத்தான் சீக்கிரம் கூப்பிட்டுக்கறார்" வகையறா வேண்டவே வேண்டாம். நல்ல குணம், எல்லாருக்கும் உதவி பண்ணுவான்னு பொதுவா எழுதினா அது யாருக்கு வேணா பொருந்தும். அதியமான் செத்தப்ப ஔவையார் பாடினதைப் பாருங்க, போர்ல ஜெயிச்ச கணக்கு அதுல பெருசா வராது, கொஞ்சமா கள் இருந்தா எங்களுக்கே கொடுத்துடுவான், நிறைய இருந்தா நாங்க பாட அவனும் சேர்ந்து குடிப்பான், வாசனை மணக்குற அவன் கையால புலால் நாத்தம் அடிக்கிற என் தலையைத் தடவுவான்னுதான் போகும். ரெண்டாயிரம் வருஷத்துக்குக் கிட்ட ஆச்சு, அந்தக் கை இன்னும் தெரியுது. நீங்க ஹேர்பின்னை எழுதுங்க.

அந்த பதில் போடாத மெசேஜ் பத்தி அந்த அம்மாகிட்ட மன்னிப்பு கேட்காதீங்க. பிள்ளையைப் பறிகொடுத்தவங்களை உங்களைச் சமாதானப்படுத்த வைக்கக் கூடாது, "பரவால்லமா விடு"ன்னு சொல்ல வேண்டிய வேலையை அவங்க தலையில கட்டாதீங்க. அந்தப் பாரத்தை நோட்டுல இறக்குங்க, ரொம்ப முடியலன்னா நேர்ல ஒரு கவுன்சிலர்கிட்ட இறக்குங்க. பதில் வரணும்னும் எதிர்பார்க்காதீங்க, "பதில் எழுதணும்னு இல்லம்மா"ன்னு நீங்களே ஒரு வரி சேர்த்துடுங்க. பொண்ணுக்கு தனியா ஒண்ணு எழுதி, கவரை அவ அப்பாகிட்டயோ பாட்டிகிட்டயோ கொடுத்து எப்ப காட்டலாம்னு அவங்களே முடிவு பண்ணட்டும்னு விட்டுடுங்க. இப்ப அவளுக்கு 13 வயசு, இப்பவே படிக்கணும்னு இல்ல. அவளும் ஹாஸ்டலுக்குப் போற வயசுல படிச்சாலும் சரிதான்.

ஒரு எச்சரிக்கை, தொழில்காரியா சொல்லியே ஆகணும். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல நீடிச்ச துக்கம்னு ஒண்ணு இருக்கு, ஆறு மாசம் தாண்டியும் ஏக்கமும் வலியும் கொஞ்சமும் இறங்காம, வேலை, வீடு, சாப்பாடு, தூக்கம்னு அன்றாட வாழ்க்கையே நின்னு போற அளவுக்கு இருந்தாத்தான் அந்தப் பேர். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022ல சேர்த்தப்ப பெரியவங்களுக்கு ஒரு வருஷம்னு வெச்சாங்க. நீங்க ஆபீஸ் போறீங்க, சமைக்கிறீங்க, ஜோக்குக்கு சிரிக்கிறீங்க, லெட்டரை வெச்சுப் பார்த்தா எனக்கு அந்த பயம் வரல. ஆனா தூக்கம் இப்படியே கெட்டுப் போய்ட்டு இருந்தாலோ, நானும் போய்ட்டா தேவலன்னு ஒரு தடவை தோணினாகூட, லெட்டர் எழுதிட்டு இருக்காம நேரா மனநல டாக்டரைப் பாருங்க, அன்னிக்கே.

உங்க லெட்டர்ல ஆறாவது பக்கத்து ஓரத்துல பென்சில்ல எழுதி அடிச்சு வெச்ச ஒரு கேள்வி இருந்துச்சு, "அந்த போட்டோவுக்கு இப்ப பதில் போடலாமா மேடம்?" அடிச்சாலும் படிக்க முடிஞ்சுது. போடலாம். நோட்டுல முதல் பக்கத்துல "ஞாபகம் இருக்குடி"ன்னு எழுதி அங்கேருந்து ஆரம்பிங்க, பதில் எவ்வளவு நீளமானாலும் சரி. அந்த போட்டோவை ஒரு பிரிண்ட் போட்டு பொண்ணுக்கு எழுதுற கவர்ல வைங்க. ஒரிஜினல் அவங்க வீட்டு ஆல்பத்துலதான் இருக்கும், கட்டில்ல யாரோ ஒரு ஆன்ட்டி உட்கார்ந்திருக்காங்கன்னு அந்தப் பொண்ணு பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிருப்பா. நீங்கதான் எழுதியிருந்தீங்க, சுவத்துல இருக்கிற கண்ணாடி மூலையில கேமராவைத் தூக்கிப் பிடிச்ச ஒரு முழங்கை மட்டும் தெரியும்னு. பின்பக்கம் அம்புக்குறி போட்டு, அது யாரோட கைன்னு எழுதிடுங்க.